கைமாறும் செல்வம்

முன்னோர் தேடிய நிலத்தைப் பத்திரம் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். கலையை அவ்வாறு கொடுத்துவிட இயலாது. கற்பிப்பவரும் கற்பவரும் அருகருகே அமர்ந்தால்தான் அது கைமாறும். இதற்குச் சென்னையின் மயிலையும் அடையாறுமே சான்று.

சதிர் எனப்பட்ட ஆடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள் கோயில் சார்ந்த குடும்பத்துப் பெண்களும், அவர்களைப் பயிற்றுவித்த நட்டுவனார்களும் ஆவர். சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் பயனாக, 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடை செய்தது. அது நீதியின் வெற்றியே. ஆயினும் வழக்கத்தின்மீது எழுந்த வெறுப்பு, ஆடலின்மீதும் ஆடியவர்மீதும் படிந்தது.

அக்காலத்தில்தான், 1936-ஆம் ஆண்டு, ருக்மிணி தேவி அடையாறில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அவருக்கு ஆடல் கற்பித்தவர்களுள் ஒருவர், கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரசுவதிக்கு அபிநயம் பயிற்றியவரும் அவரே. மற்றொருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தட்டுமனையில் அவர் கழி எழுப்பிய ஓசைக்கு, அம்மரபில் பிறவாத பெண்களும் அடிவைக்கக் கற்றனர். குடும்பத்தின் சொத்தாக இருந்த கலை, பள்ளியின் பாடமாயிற்று.

ஆடலோடு நெசவும் அங்கே இடம்பெற்றது. 1937-இல் தறிகள் அமைக்கப்பட்டன. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தவை. ஒவ்வோர் இழையிலும் அவை கோக்கப்படவேண்டும். மரபுவழித் தறியில் நெசவாளருக்குத் துணையாக ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கரையின் நாடாவைச் செலுத்துவார். கண்டும் செய்தும் கைப்பழக்கம் பெறுவதே அவருக்குக் கல்வி. துணைக்கு அமர ஆளில்லாத தறியில் அவ்வறிவு ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

1993-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் கலாக்ஷேத்திரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. கலைக்கு மேடையும் மதிப்பும் கிடைத்தன, மகிழ்கிறோம். ஆனால் அக்கலையை இகழ்ச்சிக்கிடையே சுமந்துவந்த குடும்பங்களின் பெண்களுள் எத்தனை பேருக்கு அம்மேடையும் மதிப்பும் கிடைத்தன? இவ்வினாவை நாம் தட்டிக்கழிக்கலாகாது.

நம் பிள்ளைகளை ஆடலுக்கும் பாட்டுக்கும் அனுப்புகிறோம். அடவுகளோடு, அவற்றைக் காத்துத் தந்தவர்களின் பெயர்களையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். பெற்றதைக் கற்பது திறமை. தந்தவரை நினைப்பது அறம். இரண்டும் சேர்ந்து கைமாறும்போதே மரபு முழுமை பெறுகிறது.