செய்தி ஊடகங்களில் முஸ்லிம்களின் சித்தரிப்பு

செய்தி ஊடகங்களில் முஸ்லிம்களின் சித்தரிப்பு என்பது நாளிதழ்கள், தொலைக்காட்சி, இணையம் முதலியன முஸ்லிம்களைப் பற்றிய செய்திகளைத் தெரிவுசெய்து வழங்கும் முறையையும், அது பொதுமக்களின் மனப்பாங்கில் ஏற்படுத்தும் விளைவுகளையும் குறிக்கும். இது ஊடகவியல், சமூகவியல் ஆகிய துறைகளில் ஆராயப்படுகிறது.

பின்னணி

1979 நவம்பரில் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பணயக் கைதிகளாக வைக்கப்பட்டனர். இந்நெருக்கடியை அமெரிக்க ஊடகங்கள் கையாண்ட விதத்தைப் பாலஸ்தீன அமெரிக்க அறிஞர் எட்வர்டு செய்த் 1981 இல் வெளியான "கவரிங் இஸ்லாம்" என்னும் நூலில் ஆராய்ந்தார். பல நாடுகளில் பல மொழிகள் பேசி வாழும் மக்களை "இஸ்லாம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்குவதை அவர் விமர்சித்தார்.

செயற்படும் விதம்

* தெரிவு: எச்செய்தி மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறதோ அதுவே முதன்மையானது என மக்கள் கருதுகின்றனர்.
* சொல்லாட்சி: ஒரே வகையான வன்முறை, செய்தவரின் சமயத்தைப் பொறுத்து "பயங்கரவாதம்" என்றோ தனிநபரின் மனநோய் என்றோ விவரிக்கப்படக்கூடும்.
* பொதுமைப்படுத்தல்: தனிநபர் குற்றம் சமூகம் முழுவதன் இயல்பாகக் காட்டப்படுகிறது.

எடுத்துக்காட்டுகள்

1995 ஏப்ரல் 19 அன்று ஐக்கிய அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புக்கு மத்திய கிழக்கினரே காரணமாக இருக்கலாம் என ஊடகங்கள் பல முதலில் ஊகித்தன. குற்றவாளி முன்னாள் அமெரிக்கப் படைவீரர் திமோத்தி மெக்வே எனப் பின்னர் தெரியவந்தது. 2011 சூலை 22 அன்று நோர்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் இத்தகைய ஊகங்கள் வெளியாயின. அத்தாக்குதலை நடத்தியவர் வலதுசாரித் தீவிரவாதியான ஒரு நோர்வேஜியர்.

இந்தியாவில் 2020 மார்ச்சில் தில்லி நிசாமுதீனில் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் ஒன்றுகூடலுக்குப் பின், கொரோனாத் தொற்று முஸ்லிம்களுடன் இணைத்துப் பேசப்பட்டது. அதில் கலந்துகொண்ட வெளிநாட்டவர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகத்து மாதம் ரத்துசெய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்களுக்கு எதிரான ஊடகப் பரப்புரையைக் கண்டித்தது. தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை ஏப்ரலிலேயே ஒன்றுகூடலின் பெயரைத் தவிர்த்து, "ஒரே மூலம்" எனப் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஆய்வுகள்

பிரித்தானிய நாளிதழ்களில் 2000 முதல் வெளியான 974 கட்டுரைகளைக் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2008 இல் ஆராய்ந்தது. பிரித்தானிய முஸ்லிம்கள் பற்றிய அச்செய்திகளில் 36 விழுக்காட்டுக்குப் பயங்கரவாதமே காரணமாக இருந்தது. 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 2006-2015 காலப்பகுதியின் பயங்கரவாதத் தாக்குதல்களை ஒப்பிட்டது. உயிரிழப்பு முதலிய காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும், முஸ்லிம்கள் நடத்திய தாக்குதல்கள் 357 விழுக்காடு கூடுதலான செய்திகளைப் பெற்றதாக அது கண்டது.

வரம்புகள்

ஊடகங்கள் மட்டுமே மனப்பாங்கைத் தீர்மானிப்பதில்லை. அரசியல், கல்வி, சொந்த அனுபவம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. முஸ்லிம்களுடன் நேரில் பழகும் வாய்ப்பில்லாதோருக்குச் செய்தியே முதன்மை அறிமுகமாக அமைவதால், அவர்களிடம் அதன் தாக்கம் மிகுதியாக இருக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* இஸ்லாமிய வெறுப்பு
* ஊடக அறம்
* எட்வர்டு செய்த்