பாலூட்டும் தாயின் கலோரிக் கணக்கு: ஓர் எண் உருவான கதை

'கலோரி' என்னும் சொல் நம் அடுக்களைகளுக்குள் நுழைந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் பிள்ளை பெற்றவளின் உணவைத் தீர்மானித்தது பத்தியம். அதனை அளந்தது கைப்பிடி. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, பிரசவ லேகியம் எனப் பட்டியல் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறினாலும் நோக்கம் மாறவில்லை. புண் ஆறவேண்டும், பால் சுரக்கவேண்டும். எடை குறையவேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. (வயிறு சரியாமலிருக்கத் துணி கட்டியதை நாம் மறக்கவில்லை, ஆனால் அது தோற்றத்தைப் பற்றியது, சோற்றைக் குறைப்பதைப் பற்றியது அன்று.)

இன்று மகப்பேறு விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் இளம் விரிவுரையாளர்களிடம் பத்தியத்தின் இடத்தைக் கைபேசிச் செயலி பிடித்திருக்கிறது. செயலி 1200 என்கிறது. மருத்துவர் நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிறார். மாமியாரோ லேகிய உருண்டையோடு நிற்கிறார். மூவருக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு வாங்கிய ரவிக்கை பொருந்தவில்லை. குழந்தைக்குப் பால் போதாமல் போய்விடுமோ என்ற அச்சமும் தீரவில்லை. இந்த எண்கள் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தேடிப் பார்ப்பது இலக்கியம் படித்த நமக்கு வேண்டாத வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒரு சொல்லின் வேர் தேடுவதற்கும் ஓர் எண்ணின் வேர் தேடுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது நம் எண்ணம்.

மனிதன் உண்ணும் உணவை வெப்பமாகக் கணக்கிடும் வழக்கம் ஜெர்மனியில் வளர்ந்தது. மாக்ஸ் ரூப்னர் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அமெரிக்காவுக்கு அதனைக் கொண்டுசென்று வேரூன்றச் செய்தவர் வில்பர் அட்வாட்டர். கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், 1890களில் அவரும் இயற்பியலாளர் எட்வர்டு ரோசாவும் ஓர் ஆள் நாள்கணக்கில் தங்கக்கூடிய சிறு அறை ஒன்றை அமைத்தனர். உள்ளே இருப்பவர் உண்பது, கழிப்பது, மூச்சாக விடுவது, உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பம் என யாவும் அளக்கப்பட்டன. ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் பிஸ்கட் உறையின் பின்புறக் கணக்குக்கு அடிப்படையாயிருக்கும் எண்கள் அவர் வழி வந்தவை. அந்த அறைக்குள் அமர்ந்தவர்கள் ஆய்வக உதவியாளர்களும் மாணவர்களுமான ஆண்கள். குடும்பங்களின் உணவுத் தேவையைக் கணக்கிட அட்வாட்டர் தந்த அளவுகோலில் ஆண் 1 என்றால் பெண் 0.8. அவள் மடியில் குழந்தை இருக்கிறதா என்பது அந்தப் பின்னத்துக்குத் தெரியாது.

குழந்தையின் பக்கத்திலிருந்து கணக்குத் தொடங்கியது வேறோர் இடத்தில். ரூப்னரும் குழந்தை மருத்துவர் ஆட்டோ ஹாய்ப்னரும் 1898இல் தாய்ப்பால் குடிக்கும் சிசு ஒன்றின் ஆற்றல் செலவை அளந்து வெளியிட்டனர். குழந்தை எவ்வளவு குடிக்கிறது, அதில் எவ்வளவு ஆற்றல் என்பது தெளிவாகத் தொடங்கியது. அந்தப் பாலை உருவாக்க அம்மா எவ்வளவு உண்ணவேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

இதற்கிடையே கலோரி இன்னொரு வேடம் பூண்டது. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் 1918இல் ஓர் உணவுமுறை நூலை வெளியிட்டார். தாமே பருமனாயிருந்து ஏறத்தாழ 70 பவுண்டு குறைத்தவர் அவர். உணவை 100 கலோரிப் பங்குகளாகப் பிரித்து எண்ணும் பழக்கத்தை அமெரிக்க இல்லத்தரசிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1920களில் அந்நூல் ஆண்டுக்கணக்கில் மிக அதிகம் விற்ற நூல்களின் வரிசையில் நின்றது. எடை குறைய நாளுக்கு 1200 என்ற அளவு பரவலானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பசி என்பது ஊட்டத்துக்கான அறிகுறி என்பதிலிருந்து, பசி என்பது வெல்லவேண்டிய பகை என்பதற்கு மொழி நகர்ந்த இடம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆக, ஒரே அலகு இருவேறு நூல்களில் எழுதப்படலாயிற்று. ஒன்று போதாமையைத் தடுக்க, மற்றொன்று மிகுதியைக் கரைக்க. பாலூட்டும் பெண்ணின் பெயர் முதல் நூலில் மட்டுமே நெடுங்காலம் இருந்தது.

அம்முதல் நூலின் புகழ்பெற்ற பக்கம் போர்க்காலத்தில் எழுதப்பட்டது. லிடியா ராபர்ட்ஸ் தலைமையிலான குழு அமெரிக்காவுக்கென வகுத்த உணவு அளவுகள் 1941இல் வாஷிங்டன் மாநாட்டில் முன்வைக்கப்பட்டு 1943இல் நூலாயின. ஓரளவு உழைக்கும் பெண்ணுக்கு 2500, பாலூட்டுபவளுக்கு 3000 கிலோகலோரி. புரதம் முறையே 60 கிராம், 100 கிராம். பின்னர் கூடுதல் அளவு ஏறியது. 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் பாலூட்டுபவள் வழக்கத்தைவிட 1000 கிலோகலோரி மிகுதியாக உண்ணவேண்டும் என்றிருந்தது. 1974இல் அதுவே 500 ஆகிவிட்டது. ஆறே ஆண்டுகளில் பெண்ணுடம்பு பாதியாய்ச் சுருங்கிவிடவில்லை; மாறியது கணிப்பு.

மாற்றத்துக்குக் காரணம் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் நடந்த ஆய்வுகள். உணவு பாலாக மாறும்போது பெரும்பகுதி வீணாகிறது என்று முன்பு கருதினர். மாற்றத்திறன் 60 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு. தாம்சன், ஹிட்டன், பில்லேவிட்ஸ் ஆகியோர் 1970இல் வெளியிட்ட கட்டுரை, அத்திறன் 90 விழுக்காட்டை ஒட்டியது என்று காட்டியது. அதற்கு முன்பே, 1964இல் வந்த தம் நூலில், ஃபிராங்க் ஹிட்டனும் இசபெல்லா லைட்ச்சும் கர்ப்பகாலத்தில் பெண்ணுடம்பு சுமார் 4 கிலோ கொழுப்பைச் சேமிக்கிறது என்று கணித்திருந்தார்கள். இடுப்பிலும் தொடையிலும் சேரும் அந்தக் கொழுப்பு குறைபாடன்று, வரப்போகும் பால்மாதங்களுக்கான குதிர். இந்த ஒரு கருத்தே எடைக் குறைப்புப் பேச்சுக்கு அறிவியலில் கதவைத் திறந்துவிட்டது. குதிரில் நெல் இருந்தால் எடுத்துச் சமைக்கலாம் அல்லவா?

குதிர் காலியாக இருந்தவர்களின் கதை நம் மலையில்தான் எழுதப்பட்டது. நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்கரிசன் 1918இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வு வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாயிற்று. 1937இல் அதன் இயக்குநர் அய்க்ராய்டு இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். கேழ்வரகுக்கும் கம்புக்கும் கலோரி எண் அச்சேறியது அப்படித்தான். 1918இல் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் 1950களில் அங்கே ஏழைத் தாய்மாரின் பாலை ஆராய்ந்தார். குறைவாக உண்ட, மெலிந்த பெண்கள். ஆனாலும் பல மாதங்கள், ஒன்றரை ஆண்டுக்கு மேலும்கூட, பாலூட்டினர். பாலின் அளவு வசதியான நாட்டுப் பெண்களினதைவிடக் குறைவு. ஆனால் அதிலிருந்த புரதமோ வியக்கத்தக்க வகையில் இயல்பான அளவை ஒட்டியிருந்தது. 1958இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று, உணவில் புரதத்தைக் கூட்டினால் பாலின் அளவு ஓரளவு கூடுகிறது, தன்மை மாறுவதில்லை என்றது. பால்பெருக்கிகள் 'எனப்படும்' பொருள்களும் அதே கட்டுரையில் சோதிக்கப்பட்டன. தலைப்பிலேயே அந்த 'எனப்படும்' இருக்கிறது. ஆய்வாளரின் ஐயம் அந்த ஒற்றைச் சொல்லில் ஒளிந்திருப்பதை மொழியாசிரியர்கள் ரசிக்கலாம். ஆய்வகம் 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. கோபாலன் நூறாண்டைக் கடந்து வாழ்ந்து 2019இல் மறைந்தார்.

குன்னூர் காட்டியதைக் காம்பியா நாட்டின் கெனெபா கிராமம் வேறொரு கோணத்தில் உறுதிப்படுத்தியது. ரோஜர் வைட்ஹெட், ஆண்ட்ரூ பிரென்டிஸ் முதலிய பிரித்தானிய ஆய்வாளர்கள் அங்குள்ள பாலூட்டும் பெண்களுக்கு நாளுக்குச் சுமார் 700 கிலோகலோரி கூடுதலாகக் கிடைக்கச் செய்தனர். 1983இல் முடிவு வெளிவந்தது: பாலின் அளவு கூடவில்லை. கூடுதல் உணவு பாலுக்குப் போகாமல் தாயின் உடம்புக்கே போயிற்று. இதனைப் படித்துவிட்டு 'அப்படியானால் ஏன் கொடுக்கவேண்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வி தாயைப் பாத்திரமாக மட்டுமே காண்கிறது. உடம்பு பாலைக் காக்கிறது என்பதன் மறுபக்கம், பாலுக்காக உடம்பு தன்னைத் தருகிறது என்பது. கெனெபாவின் மழைக்காலத்தில், வயல்வேலை மிகுந்து தானியம் தீரும் நாள்களில், அப்பெண்கள் மெலிந்துகொண்டே பாலூட்டினர். அங்கே எடைக் குறைவு இலக்கன்று, இழப்பு.

வசதியான நாடுகளில் கேள்வி தலைகீழானது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் கேத்ரின் டூயியின் குழு நன்றாக உண்ணும் தாய்மாரை ஒரு வாரம் உணவைக் குறைக்கச் சொல்லி 1986இல் ஆய்ந்தது. நாளுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் உண்டவர்களுக்குப் பால் குறையவில்லை. அதற்குக் கீழே போனவர்களுக்கு அடுத்த வாரத்தில் குறைவு தெரிந்தது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1991இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, 1800க்குக் கீழான உணவுமுறைகளைத் தவிர்க்கச் சொன்னது; முதல் 4 முதல் 6 மாதங்களில் மாதத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை குறைவது இயல்பு என்றும், பருமனானவர்களுக்கு மாதத்துக்கு 2 கிலோ வரை குறைந்தாலும் பாலைப் பாதிக்க வாய்ப்பில்லை என்றும் கூறியது. செயலியின் 1200 இவ்விரு எல்லைகளுக்கும் கீழே கிடக்கிறது. அது பீட்டர்ஸின் நூலிலிருந்து வந்த எண். பாலூட்டும் பெண்ணை மனத்தில் கொண்டு அளந்த எண்ணன்று.

டூயியின் 1994 ஆய்வில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. 12 வாரம் உடற்பயிற்சி செய்த தாய்மாருக்குப் பால் குறையவில்லை. எடையும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறையவில்லை. செலவழித்ததை உண்டு ஈடுகட்டிவிட்டார்கள். உணவையும் சேர்த்துக் கட்டுப்படுத்திப் பார்த்தவர் வட கரோலைனாவின் ஷெரில் லவ்லேடி. அளவுக்கு மேல் எடையிருந்த 40 தாய்மார். பிள்ளைபெற்ற 4ஆம் வாரம் முதல் 14ஆம் வாரம் வரை, ஒரு பிரிவினர் நாளுக்கு 500 கிலோகலோரி குறைத்து, வாரம் 4 நாள் 45 நிமிடம் பயிற்சி செய்தனர். அவர்கள் சராசரியாக 4.8 கிலோ குறைந்தனர். மற்றப் பிரிவினர் 0.8 கிலோ. குழந்தைகளின் வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த இந்த ஆய்வே, வாரத்துக்கு அரை கிலோ என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் நிற்கிறது. முதல் மாதம் அதில் சேரவில்லை என்பதையும், மெலிந்த பெண்கள் அதில் இல்லை என்பதையும் எடுத்துரைப்பவர்கள் குறைவு.

இனி கணக்கின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். முதல் ஆறு மாதத்தில் ஒரு நாளைக்குச் சுரக்கும் பால் முக்கால் லிட்டரைச் சற்றுத் தாண்டும்; 100 மில்லிக்கு ஏறத்தாழ 67 கிலோகலோரி. ஆகப் பாலோடு வெளியேறுவது 500ஐ ஒட்டிய ஆற்றல். மாதத்துக்கு 0.8 கிலோ எடை குறையும் என்று கொண்டால் சேமிப்பிலிருந்து நாளுக்கு 170 கிடைக்கும். கழித்தால் 330. அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டு வரையறையில் கூடுதல் உணவு இந்த 330தான். எனவே மெதுவான எடைக் குறைப்பு அரசு எண்ணுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிறது. அதனை அறியாமல் அதன்மேல் மீண்டும் கழிப்பவர்கள் இருமுறை கழிக்கிறார்கள். 2001இல் கூடிய உலக நிபுணர் குழு இன்னும் நேர்மையாக இரண்டு எண்களைத் தந்தது: போதிய சேமிப்புள்ள பெண்ணுக்கு 505, அது இல்லாதவளுக்கு 675. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் சொல்வது முதல் ஆறு மாதத்துக்கு 600. உட்கார்ந்து பணிசெய்யும் பெண்ணின் அடிப்படைத் தேவை 1660. கூட்டினால் 2260.

கலோரி மட்டும் போதாது, எதிலிருந்து வருகிறது என்பதும் கேள்வி. 1943இன் 100 கிராம் புரதம் அமெரிக்க வரையறையில் 2002இல் 71 ஆகியிருக்கிறது. இந்தியக் கணக்கில் வழக்கத்தைவிடச் சுமார் 17 கிராம் கூடுதல். மாவுச்சத்து நாளுக்கு 210 கிராம் என்று அமெரிக்கர் கூறுவதற்குக் காரணம் பாலில் கரைந்திருக்கும் லாக்டோஸ். நாளுக்கு 50 கிராமுக்குமேல் அவ்வழியே போய்விடுகிறது. சோற்றை அறவே ஒதுக்கும் உணவுமுறை மற்றவர்களுக்கு எப்படியோ, பாலூட்டுபவளுக்கு ஆபத்தாகலாம். அவ்வகை உணவுமுறையைப் பின்பற்றிய தாய் ஒருவர் இரத்தம் அமிலமேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வை ஸ்வீடன் மருத்துவர்கள் 2015இல் பதிவுசெய்துள்ளனர், அவர் பிழைத்துக்கொண்டார்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மேல் எடையுள்ளவர்கள், 12.6 விழுக்காட்டினர் அளவுக்குக் கீழே. ஒரே மகப்பேறு வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இவ்விருவரும் படுத்திருப்பார்கள். ஒருத்திக்கு லவ்லேடியின் கணக்குப் பொருந்தும், மற்றவளுக்குக் கோபாலனின் கணக்கு. செயலிக்குக் கட்டில் எண் தெரியாது. பத்தியம் வகுத்த பாட்டிக்காவது எதிரில் கிடக்கும் உடம்பு தெரிந்திருந்தது.

ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் குழைந்த சோறும் பருப்பும் ஊட்டத் தொடங்கியதும் பால் குறைகிறது. 600 என்பது 520 ஆகிறது. அம்மாவின் தட்டிலிருந்து அப்போது குறைக்கவேண்டியது 80 கிலோகலோரி, ஏறத்தாழ ஓர் இட்லிக்கும் சற்றுக் கூடுதல்.