சீதன வீடும் மேல்மாடியும்: ஒலுவில் முதல் கல்முனை வரை நன்கொடை உறுதியின் ஒரு வாசிப்பு

கரையோர அம்பாறையின் முஸ்லிம் ஊர்களது வீட்டுடைமை பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இங்கு மகளுக்குச் சீதனமாகப் போவது வளவோடு கூடிய வீடு. ஆகவே கீழே கடைகளும் மேலே நான்கைந்து மாடிக் குடியிருப்புகளுமாக எழும் தொடர்மாடி இந்தச் சமூகத்துக்கு ஒத்துவராது என்பது அந்த முடிவு. சுனாமிக்குப் பிந்திய குடியிருப்புத் திட்டங்களின் சிக்கல்களையும் இதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. இம்முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அது சாய்ந்து நிற்கும் முதன்மைச் சான்று, பெற்றோர் மகளுக்கு எழுதிக்கொடுக்கும் நன்கொடை உறுதி. அந்த உறுதி பிழையாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்றே கருதுகிறேன்.

நிலநெருக்கடியை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மேற்கே வயல், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதை அனுமதியின்றி நிரப்ப முடியாது. கிழக்கே கடல். 2004 சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் முதலில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்ந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரே 65 மீற்றர். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகமோ கடற்கரையையே நகர்த்திவிட்டது. தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் மேடிட்டது, துறைமுக வாயில் தூர்ந்தது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. பக்கவாட்டில் விரிய இடமில்லாத ஊர்கள் இவை.

இனி உறுதிக்கு வருவோம். வழமையான உறுதியின் அட்டவணை காணியின் பெயரையும் பேர்ச் கணக்கையும் நாற்புற எல்லைகளையும் சொல்லி, அதனுள் அடங்கும் வீடு, கிணறு, மரங்கள் யாவும் என்று முடியும். பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்வதும் வழமை. நான்கு பக்கமும் எல்லை சொல்லும் இவ்வாவணம் உயரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. முன்னைய ஆய்வுகள் இந்த மௌனத்தை மக்களின் மனநிலையாகக் கொண்டன: நிலமே வீடு, மேல்மாடி வெறும் சேர்க்கை என்று.

அந்த மௌனம் மக்களுடையதல்ல, சட்டத்தினுடையது. ரோமன் டச்சுச் சட்டப்படி கட்டடம் நிலத்தோடு சேர்ந்த பொருள். தொடர்மாடி உடைமை வரைபடம் பதியப்படாத மேல்மாடியை நொத்தாரிசு தனி ஆதனமாக எழுத முடியாது. எழுதினாலும் அது நிலைக்காது. எழுத வழியில்லாத ஒன்றை மக்கள் நினைக்கவுமில்லை என்று முடிவுகட்டுவது ஆவண வாசிப்பில் பழைய கோளாறு.

மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதைக் கட்டடம் சொல்கிறது. கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்தால், மொட்டைமாடித் தூண்களில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அடுத்த மகளுக்காக விட்டுவைத்தவை அவை. அதைவிட முக்கியமான சான்று படிக்கட்டு. கீழ்வீட்டு முன்னறைக்குள்ளால் ஏறாமல், வெளிச்சுவரை ஒட்டி, தனி வாசலோடு அது மேலே போகிறது. மேலே தனிச் சமையலறை, தனி மின்மானி. ராத்தா கீழே, தங்கை மேலே. இது ஒரு வீட்டின் இரண்டு தட்டல்ல, இரண்டு சீதன வீடுகள். ஒத்துவராது என்று சொல்லப்பட்ட தொடர்மாடியைக் குடும்பங்கள் தாமாகவே, ஒவ்வொரு மாடியாக, அனுமதியோடும் அனுமதி இல்லாமலும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

உறுதியில் இது எப்படிப் பதிவாகிறது? இரண்டு மகள்மாருக்கும் பிரிக்கப்படாத சரிபாதிப் பங்காக. இங்கு வழங்கும் ஷாபி மத்ஹபில் பிரிக்கப்படாத பங்கை ஹிபாவாக, அதாவது நன்கொடையாக, கொடுப்பதற்குத் தடையில்லை. உடைமையை நேரில் கையளிக்க வேண்டுமே என்ற கேள்விக்கும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விடை தந்துவிட்டது: உறுதியைக் கையளித்தாலே உடைமையைக் கையளித்ததற்குச் சான்று. சீவிய உரித்து ஒதுக்கிய நன்கொடை இப்பிரிவுக்குள் வராது, அதற்குப் பொதுச் சட்டமே பொருந்தும். மார்க்கத்திலும் சிக்கலில்லை, முஸ்லிம் நன்கொடைச் சட்டத்திலும் சிக்கலில்லை. சிக்கல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இருக்கிறது. கூட்டுரிமையாளர் எவரும் வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத ஆதனமானால் விற்பனைக் கட்டளை வரலாம். கீழ்வீட்டுக்காரி கடனுக்காகத் தன் பங்கை விற்றால், மேலே இருக்கும் தங்கை முன்பின் தெரியாத ஒருவரோடு கூட்டுரிமையாளர் ஆகிவிடுகிறாள்.

இதற்கு மருந்து நெடுங்காலமாகச் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் ஒவ்வொரு மாடி வீட்டையும் தனி ஆதனமாக்குகிறது. படிக்கட்டும் கூரையும் எல்லோருக்கும் பொதுவாகின்றன. 2003இன் திருத்தம், ஒரு பகுதி முடிந்து மீதி இனிமேல் கட்டப்படவிருக்கும் கட்டடத்துக்கும் வரைபடம் பதிய இடம் தந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது அந்தத் திருத்தம்.

கீழ்த்தளக் கடை விடயத்தை முன்னைய ஆய்வுகள் தொடவேயில்லை; எனக்கோ அதுவே முடிச்சு. இங்கு மகளின் வீடு வாப்பாவும் உம்மாவும் உயிரோடிருக்கும்போதே சீதனமாகப் போய்விடுகிறது. கடை பெரும்பாலும் மௌத்துக்குப் பிறகு, மகனுக்கு இரண்டு பங்கு மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிகிறது. வீடும் கடையும் வேறுவேறு வளவில் இருந்தவரை இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. ஒரே காணியில் கீழே கடை, மேலே வீடு என்று வந்ததும் கடைக்கு வாரிசான சகோதரன் காணியின் பங்காளியாகிறான்; அதனால் சகோதரியின் சீதன வீட்டிலும் பங்காளியாகிறான். பிரதான வீதியோரம் இப்படிக் கட்ட யோசிப்போருக்கு உயரம் அச்சமில்லை, இந்தக் கலப்புத்தான் அச்சம். கடையும் வீடும் வரைபடத்தில் தனித்தனி அலகுகளானால் மரபுரிமை ஒரு வழியிலும் சீதனம் இன்னொரு வழியிலும் போகும்.

எதிர்வாதங்கள் உண்டு. கடற்றொழிலாளருக்கு வலையும் எஞ்சினும் வைக்க இடம் வேண்டும் என்பர். அது கீழ்த்தளத்தில் ஒரு களஞ்சிய அறையோடு தீரும். பெண்களின் மறைவு கெடும் என்பர். வெளிப்படிக்கட்டே அதற்குப் பதில். சுனாமித் திட்டங்கள் பற்றிய வாதம் சற்றுக் கனமானது. ஆனால் கிழக்கில் அவற்றின் மீது எழுந்த முக்கியக் குறை மாடியைப் பற்றியதல்ல. கடல் கொண்டுபோனது பெண்ணின் பெயரிலிருந்த வீடு. அரசு திருப்பித் தந்தது குடும்பத் தலைவர் என்று பதியப்பட்ட ஆணின் பெயரில். தாய்வழி வந்த சொத்து ஒரே கையெழுத்தில் கைமாறியது. அதைக் கட்டட வடிவத்தின் தோல்வியாகக் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

என் வாசிப்பு முஸ்லிம் ஊர்களுக்கு மட்டுமே உரியது. தாய்வழிச் சீதன வழக்கம் அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் உண்டென்றாலும், 1931இன் கட்டளைச் சட்டம் அங்கு செல்லாது. தொடர்மாடி உடைமைகளைக் கவனிக்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் நடைமுறைகளும் நில அளவைச் செலவும் சாதாரணக் குடும்பத்துக்குப் பாரம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாரத்தைக் குறைக்கலாம். பாகப்பிரிவினை வழக்கில் போன வீட்டை மீட்க முடியாது. மேல்மாடிக்கு அனுமதி கேட்டு வரும் குடும்பத்திடம் கட்டட வரைபடத்தோடு உடைமை வரைபடத்தையும் உள்ளூராட்சி மன்றங்கள் அப்போதே கேட்கட்டும். மகளுக்கு உறுதி எழுதும் நொத்தாரிசுமார் நாற்புற எல்லையோடு மாடியையும் எழுத அதுவே வழி.