கத்தரித்த பின்னட்டை

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்த டி.சி. தாம்சன் நிறுவனம் 1958 ஜனவரியில் 'பன்ட்டி' என்ற படக்கதை வார இதழைச் சிறுமிகளுக்காகத் தொடங்கியது. 2001 வரை அது வந்தது. அதன் பின்னட்டையில் வழக்கமாக ஒரு காகிதப் பொம்மையும் அதற்கான உடைகளும் அச்சாகியிருக்கும். சிறுமிகள் அவற்றைக் கத்தரித்து, உடையின் ஓரத்துக் காகிதப் பட்டைகளைப் பின்னால் மடித்து, பொம்மைக்கு அணிவித்து விளையாடினார்கள்.

இன்று பழைய இதழ்களைச் சேகரிப்பவர்களுக்குக் கத்தரி படாத பிரதியே உயர்ந்தது. வெட்டிய பிரதி, புதிர்க் கட்டங்கள் நிரப்பிய பிரதி, வீட்டுக்குப் போடுவதற்காகக் கடைக்காரர் அட்டையில் பென்சிலால் பெயர் குறித்த பிரதி எல்லாம் குறையுள்ளவை. அதாவது, ஒரு சிறுமியின் கை பட்ட தடயம் குறையக் குறைய விலை கூடுகிறது. இந்த விலைக்கணக்கில் வாசகி ஒரு சேதமாகிவிடுகிறாள்.

படைத்தவர்களுக்கும் இதே கதிதான். இவ்விதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடும் வழக்கம் இல்லை. 1971இல் தொடங்கிய 'டாமி' 1982இல்தான் பெயர்களை அச்சிட்டது. 1984இல் அந்த இதழே நின்றுபோனது. 1974இல் தொடங்கி 1981இல் 'டாமி'யோடு இணைக்கப்பட்ட 'ஜின்ட்டி'க்கு அந்த வாய்ப்பும் இல்லை. தோழி இறந்த துயரத்தில், இனி யாரையும் நேசிப்பதில்லை என்று மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளும் ஸ்டெஃபாவின் கதை 1976இல் அதில் தொடராக வந்தது. அதை எழுதியவர் ஆலிசன் கிறிஸ்டி என்ற பெண் என்பது வாசகர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. எழுதியவர்களில் ஆண்களும் நிறைய இருந்தார்கள். ஆனால் பெயரே இல்லாத இடத்தில் பெண்களின் உழைப்பை எப்படிப் பிரித்தறிவது?

அதனால்தான் பெண் வரலாற்றுக்குச் சேகரிப்பு தேவைப்படுகிறது. பழைய பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரே கையின் கோடுகளை அடையாளம் காண முடிகிறது. ஆய்வாளர் மெல் கிப்சன், இவ்விதழ்களைப் படித்து வளர்ந்த பெண்களைப் பேட்டி கண்டு 2015இல் ஒரு நூலே எழுதினார். நடிகர் அல்ல, அதே பெயருடைய பெண். வாசகியின் நினைவும் ஆவணம்தான் என்பதற்கு அந்த நூல் சான்று.

வெட்டிய 'பன்ட்டி' ஒன்று கைக்கு வந்தால் ஒதுக்கிவிட வேண்டாம். எந்த உடை போயிருக்கிறது, எதை விட்டு வைத்திருக்கிறாள், கத்தரி எங்கே கோணியிருக்கிறது என்று பாருங்கள். பதிப்பகம் குறித்து வைக்காத ஒரு வாசகி அங்கே இருக்கிறாள்.