கஸ்கட்டும் கல்நாரும்

வவுனியாவை அடுத்த நெளுக்குளம் போன்ற குளத்து வயல்களில் எருதுகளின் வேலையை ‘லான்ட்மாஸ்டர்’ எனப்படும் இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஏற்றது. அதன் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கஸ்கட் வெறும் மெல்லிய தகடு. ஆனால் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தையும் குளிர்விக்கும் தண்ணீரையும் பிரித்து வைப்பது அதுவே. அது கருகினால் தண்ணீரில் குமிழி எழும், புகை வெளுக்கும், இழுவை குறையும்.

எஞ்சினைப் பிரித்தால் பழைய கஸ்கட்டைத் திரும்பப் போடுவதில்லை. ஒருமுறை நசுங்கியது மறுபடி இடைவெளியை நிரப்பாது. செம்புக் கஸ்கட் மட்டும் விலக்கு, சிவக்கக் காய்ச்சினால் அது மீண்டும் இளகிப் பொருந்தும். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வவுனியாவுக்கு வடக்கே எரிபொருளே அரிதாகிக் கிடந்தது. அத்தகைய காலத்தில் மீண்டும் பயன்படும் இந்த ஒரு குணம் பெரும் செல்வம். 2002இல் வடக்குக்கான ஏ9 வீதி திறக்கப்பட்ட பிறகே நிலைமை தளர்ந்தது.

பழைய கஸ்கட்டிலும் சைலன்சர் குழாயில் சுற்றிய வெப்பக்காப்பிலும் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரல் புற்றுநோய் தரும். எனவே உலரச் சுரண்டாமல் நனைத்தே அகற்றவேண்டும்.