நிரூபிக்க வேண்டியவர் யார்? பிரசாவுரிமைச் சட்டங்களும் அமைச்சர் தொண்டமானின் பாராளுமன்றப் பணியும்

இலங்கையின் பிரசாவுரிமைப் பிரச்சினையை எழுத முற்படுவோர் தமிழ் அமைச்சர்களை இரண்டு அளவுகோல்களால் அளந்து வந்திருக்கின்றனர். எந்தச் சட்டமூலத்துக்கு யார் ஆதரவாக வாக்களித்தார் என்பது ஒன்று. யார் பதவியைத் துறந்தார், யார் பதவியில் நீடித்தார் என்பது மற்றொன்று. இவற்றால் துரோகிகளும் தியாகிகளும் கிடைத்தார்களே தவிர, சட்டம் மனிதரை என்ன செய்தது என்பது தெளிவாகவில்லை. ஓர் அமைச்சரின் பாராளுமன்றப் பணியை மதிப்பிட வேறொரு கேள்வியே உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம். தாம் இந்நாட்டவர் என்று நிரூபிக்கும் சுமையை அவர் துணைநின்ற சட்டம் குடியிருப்பவர் தலையில் ஏற்றியதா, இறக்கியதா? இப்படிக் கேட்டால் மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமான சௌமியமூர்த்தி தொண்டமானின் இடம் அவரது ஆதரவாளர்கள் சொல்வதிலிருந்தும் எதிர்ப்பாளர்கள் சொல்வதிலிருந்தும் வேறுபடுகிறது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழரின் நிலையும் அதே வரலாற்றுக்குள் வந்து சேர்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் பிரசையாக வேண்டுமானால் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது சொன்னது. ஆனால் பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சிப் பத்திரம் காட்டக்கூடியவர்கள் கண்டியிலும் குறைவு, யாழ்ப்பாணத்திலும் குறைவு. இருந்தும் சிங்களக் கிராமத்தவரிடமோ யாழ்ப்பாணத்து வேளாளரிடமோ அதை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் இருந்தவரிடமும் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரிடமும்தான் கேட்டார்கள். சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, நிரூபிக்கும் கடமை ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாயிற்று. சந்தேகம் எழுந்தால் வம்சாவளிப் பிரசாவுரிமைச் சான்றிதழை வழங்குவதோ மறுப்பதோ அமைச்சரின் தற்றுணிபில் விடப்பட்டது.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் இச்சுமையை இன்னும் நுணுக்கமாக வகுத்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊர் போய் இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் இங்கே வதிந்தார்களா என்பதும் விசாரிக்கப்பட்டது. போதிய வருமானம் உண்டென்றும் காட்ட வேண்டியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்காக மனைவியைத் திருச்சிக்கோ இராமநாதபுரத்துக்கோ அனுப்பிய தொழிலாளி அந்தப் பயணத்தின் காலத்தை அதிகாரியின் முன் நாள் கணக்கோடு ஒப்புவிக்க வேண்டும். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் விடுபட்ட மாதம் அவருக்கு எதிரான சாட்சியாகியது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. பதிவு கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். இடையில் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்காளர் இடாப்பைப் பிரசைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. 1947 பாராளுமன்றத்தில் உறுப்பினர்களைக் கொண்டிருந்த, இந்திய வம்சாவளித் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸால் 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

அந்நாளைய தமிழ் அமைச்சர்களின் நடத்தை இப்பின்னணியில் வேறுவிதமாகத் தெரிகிறது. வர்த்தக அமைச்சர் சி. சுந்தரலிங்கம் முதற் சட்டத்துக்கு வாக்களித்துவிட்டு, 1948 டிசம்பரில் இரண்டாவது சட்டமூலத்தோடு முரண்பட்டு அமைச்சரவையை விட்டு வெளியேறினார். ஜி. ஜி. பொன்னம்பலம் முதற் சட்டமூலத்தை எதிர்த்துப் பேசியவர். அமைச்சரான பின் இரண்டாவதை ஆதரித்தார். இவ்வாதரவு அவர் தலைமை தாங்கிய தமிழ்க் காங்கிரஸை உடைத்தது. 1949 டிசம்பரில், அதிலிருந்து பிரிந்த செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அந்த அரசியல் விளைவு பெரியது. எனினும் சட்டத்தின் உள்ளடக்கத்தில் இவ்விருவரும் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. பதவி துறந்தவராலும் நிரூபணச் சுமை குறையவில்லை, பதவியில் இருந்தவராலும் குறையவில்லை. கதவு திறந்துதானே இருந்தது, விண்ணப்பிக்கும் வழி இருந்ததே என்று பொன்னம்பலம் தரப்பில் சொல்லப்படும் சமாதானத்துக்கு மேலே தந்த எண்ணிக்கையே போதிய விடை.

இங்கே எழக்கூடிய கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. யார் தன் பிரசை என்று வரையறுப்பது எந்த அரசுக்கும் உள்ள உரிமை; உரிமை கோருபவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது உலக வழக்கு. 1953இல் கொடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில், அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த கோமறைக் கழகம் ஏறத்தாழ இந்த நியாயத்தையே ஏற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுத்திருந்தும், இச்சட்டங்கள் பிரசாவுரிமையைப் பற்றியவையே, ஒரு சமூகத்தைக் குறிவைத்தவை அல்ல என்று அது தீர்மானித்தது. துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும் புதியவருக்கு இந்த நியாயம் பொருந்தும். ஆனால் 1948இல் நாடற்றவரானவர்கள் அப்படி வந்து இறங்கியவர்கள் அல்லர். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது முதல் 1947 வரை அவர்களில் பெருந்தொகையினர் இதே அரசின் இடாப்பில் பெயர் பெற்று வாக்களித்தவர்கள். அரசே வைத்திருக்க வேண்டிய பதிவேட்டை அரசு வைக்கவில்லை. அது இல்லாத குற்றத்துக்குக் குடியிருந்தவர் தண்டனை ஏற்றார். நீதிமன்றம் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தது, சுமை யார் மேல் விழுகிறது என்பதைப் பார்க்கவில்லை. அத்தீர்ப்பின் குறை அதுதான் என்பது என் கணிப்பு.

அதே 1948இல் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1933இல் வெள்ளவத்தை நூல்நூற்பு நெசவு ஆலையில், பெரும்பாலும் மலையாளிகளான தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் சங்கத் தலைவராக நின்றவர் அவர். புலம்பெயர்ந்த உழைப்பாளியும் இந்நகரின் ஆள்தான் என்பதைக் கொழும்பின் தெற்கு எல்லையில் நேரிற் கண்டவர். பிரசாவுரிமைச் சட்டமூலத்தைச் சபையில் எதிர்த்த இடதுசாரிகளில் முன்வரிசையில் இருந்தார். ஆயினும் 1970இன் அரசாங்கத்தில் பெருந்தோட்டத் துறைக்கும் அரசியலமைப்பு விவகாரங்களுக்கும் அமைச்சராகி அவர் வடித்த 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. நாடற்றவர் நிலைமையும் மாறவில்லை. எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்து ஆற்றிய சிறந்த உரைகள் அமைச்சரின் மேசைக்கு வந்ததும் சட்டமாகும் என்ற நம்பிக்கைக்கு இந்த வரலாறு இடந்தரவில்லை.

தொண்டமான் 1978 செப்டெம்பரில் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அவ்வாண்டின் அரசியலமைப்பு, வம்சாவளியால் பிரசையானவருக்கும் பதிவால் பிரசையானவருக்கும் இடையே எந்தத் தேவைக்காகவும் வேறுபாடு காட்டலாகாது என்று 26ஆம் உறுப்புரையில் உறுதி செய்தது. இது சிறு காரியமல்ல. பதிவுப் பிரசை என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போயிருந்த காலம் அது. ஆனால் பதிவே கிடைக்காதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்பட வேண்டியவர்கள். 1974இல் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கேட்கப்படாமலே கணக்கில் எழுதப்பட்ட மக்கள் இவர்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேரே. இந்தியாவின் பங்கில் எழுதப்பட்டவர்களில் எஞ்சியோர் எந்த நாட்டுக்கும் உரியவராகவில்லை.

1986 தைப்பொங்கல் நாளில் தொண்டமான் தலைமை தாங்கிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கியது. காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் இருப்பது என்பது அதன் வடிவம். அமைச்சரவையில் அமர்ந்திருந்த ஒருவரின் சங்கமே தோட்டங்களை அரைநாள் நிறுத்தும் நிலை அரசாங்கத்துக்குப் பெரும் நெருக்கடியாயிற்று. விளைவாக வந்த 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த 94,000 பேரையும் சேர்த்து 4,69,000 பேருக்குப் பிரசாவுரிமை வழங்க வழிசெய்தது. இதையே தொண்டமானின் உச்சச் சாதனையாகப் பலர் குறிப்பிடுவர். எனக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமே மேலானதாகப் படுகிறது. முந்தையது இன்னமும் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டு, அதிகாரி வழங்கும் உரிமையாக இருந்தது. பிந்தையதோ இந்திய வம்சாவளியினராய், சட்டப்படி இங்கே வதிந்து, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத அனைவரையும் ஒரே வகுப்பாகக் கொண்டு பிரசைகளாக்கியது. பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்த இடத்தில் சத்தியக் கடதாசி வந்தது. நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவர் மேல் கிடந்த சுமை முதன்முதலாக அரசின் பக்கம் நகர்ந்தது.

இவ்வெற்றி தொண்டமானுடையதல்ல, காலத்துடையது என்று மறுப்போர் உண்டு. வடக்கில் போர், டில்லியின் அழுத்தம், 1988 இறுதியில் வரவிருந்த சனாதிபதித் தேர்தலில் மலையக வாக்கின் தேவை. இவை எல்லாம் உண்மை. ஆனால் சாதகமான காலம் ஒரு சட்டத்தைக் கொண்டுவரலாமே தவிர, அதன் வாசகத்தை எழுதித் தராது. இன்னோர் எண்ணிக்கைப் பங்கீட்டோடு அரசாங்கம் திருப்தியடைந்திருக்கும். சங்கத்தின் வேலைநிறுத்த வலிமையும் அமைச்சரவை ஆசனமும் ஒரே கையில் இருந்ததால்தான் வகுப்பு முழுவதையும் தழுவிய வாசகம் சாத்தியமாயிற்று. இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு வேறு. 1983 ஜூலையில் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த பின்னரும் அவர் அதே அரசாங்கத்தில் நீடித்தார். 1986, 1988 சட்டங்கள் அந்த நீடிப்புக்குக் கிடைத்த விலை என்று கணக்குச் சொல்லி இதைத் தீர்த்துவிட முடியாது. அன்று தமிழ் அமைச்சர் ஒருவரின் வெளியேற்றம் பேசியிருக்கக்கூடியதை எந்தச் சட்டமும் பேசவில்லை. சட்டமியற்றியதில் அவரை உயர்த்தி மதிப்பிடும் நான், 1983 விடயத்தில் அவரைக் காப்பாற்ற முயலவில்லை.

1999 ஒக்டோபர் 30இல் தொண்டமான் காலமானார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1988இன் நெறியையே முழுமையாக்கியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்தவரும் அவர் வழித்தோன்றல்களும் பிரசைகள். சமாதான நீதவான் ஒப்பமிட்ட பொதுப் பிரகடனம் ஒன்றே போதும். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில் பத்தே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பதிவு பெற்றனர். அரை நூற்றாண்டாக மக்கள் நாடற்றவராய் இருந்தது ஆதாரம் இல்லாததால் அல்ல, கேட்கப்பட்ட ஆதாரத்தின் தன்மையால் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பிரசாவுரிமை தீர்ந்ததும் நிரூபணச் சுமை தீர்ந்ததா என்று கேட்டால் கொழும்பைப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழரில் பெரும்பாலோரின் பிரசாவுரிமையை யாரும் மறுக்கவில்லை. இருந்தும் வீட்டில் இருப்போரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம் என்று பொலிஸ் பதிவுப் படிவம் கேட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கடவுச்சீட்டு எடுக்க வந்த தாய் லொட்ஜில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் காரணம் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளிலிருந்து 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். தகுந்த காரணம் காட்டவில்லை என்பதே அவர்கள் மேல் சுமத்தப்பட்ட குறை. அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரைப்படி நாட்டில் விரும்பிய இடத்தில் வதியும் உரிமைக்குக் காரணம் தேவையில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்பு அச்சுறுத்தல் மெய்யானது என்ற அரசின் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், சந்தேகத்துக்குரிய ஒருவரை விசாரிப்பதும் ஒரு மொழி பேசுவோர் அனைவரையும் காரணம் கேட்பதும் ஒன்றல்ல. 1949இன் அதிகாரி கேட்ட கேள்விதான் 2007இன் லொட்ஜ் வாசலில் கேட்கப்பட்டது.

அந்தத் தடையை வழங்கியது நீதிமன்றம், பாராளுமன்றமல்ல. தோட்டத் தொழிலாளிக்கு 1988இல் ஓர் அமைச்சர் சட்டப் புத்தகத்திலேயே பெற்றுத் தந்த மாற்றம் கொழும்பு வாசிக்கு இன்னும் சட்டமாகக் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்போரின் பட்டியலைக் கேட்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்குத் தரும் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டுக்குரியது. யாரிடம், எந்தக் காரணத்துக்காக, எந்த நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் அதைக் கேட்கலாம் என்று வரையறுக்கும் திருத்தச் சட்டமூலம் ஒன்றைக் கொழும்பு மாவட்டத்தின் உறுப்பினர்கள் கட்சி பாராமல் சபையில் முன்வைக்க வேண்டும்.