அடிமையின் கையெழுத்து

அடிமை முறையை எதிர்த்தெழுந்த இயக்கத்திற்குப் பேராயுதமாய் வாய்த்த இலக்கிய வகை தன்வரலாறாகும். 1789-இல் இலண்டனில் வெளிவந்த ஒலாடா எக்கியானோவின் நூலும், 1845-இல் பாஸ்டனில் வெளிவந்த பிரடெரிக் டக்ளஸின் நூலும் ‘தாமே எழுதியது’ என்று தலைப்பிலேயே முழங்கின. கறுப்பருக்கு எழுத்தறிவு வாய்க்காது என்று வாதிட்டோர்க்கு அச்சொல்லே மறுப்பாயிற்று. எனினும், டக்ளஸின் நூலுக்கு வெள்ளையர் இருவர் முன்னே நின்று சான்றுரைக்க நேர்ந்தது. இயக்கம் அவ்வகையை வளர்த்தது. அதற்கு எல்லையும் வகுத்தது.

அவ்வெல்லைக்கு அப்பால் நின்றவர் உமர் இப்னு ஸயீத். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவைச் சேர்ந்த இக்கல்விமான், 1807-இல் சார்லஸ்டன் துறையில் விற்கப்பட்டார். 1831-இல் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். கிறித்தவத் திருமுழுக்குப் பெற்றிருந்தும், அதன் தொடக்கத்தில் அவர் வரைந்தது ஸூரத்துல் முல்க். ‘முல்க்’ என்னும் சொல் ஆட்சியையும் உடைமையையும் குறிக்கும். மனிதனையே உடைமையாக்கிய நாட்டில், ஆட்சி யாவும் இறைவன் கையிலென்னும் அத்தியாயத்தை ஓர் அடிமை தேர்ந்தெடுத்ததன் பொருளைச் சிந்திக்க வேண்டும்.

1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழியுமுன்பே அவர் அடிமையாகவே மறைந்தார். அக்கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. அரபி கற்ற நம் பிள்ளைகள் அதனை மொழிபெயர்ப்பின்றியே படிக்கலாம். அவருக்குச் சான்றுரைக்க வேறெவரும் வேண்டியதில்லை.